மாமியார் மணி

அக்காவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அமெரிக்காவில் நவஹோ என்று வெளியார் சொல்கிற எங்கள் தினே ஜனங்களில் யாருமே எழுதமாட்டார்கள். போனவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துவிடுவார்கள் என்று பயம். அதனால் உறவை மட்டும் சொல்லி, அந்தச் சொல்லின் வாலில் ஒரு சின்ன ஒலியைச் சேர்ப்போம். பாதி மூக்கிலும் பாதி தொண்டையிலுமாக நின்றுவிடுகிற ஒலி. அது சேர்ந்ததும் மனைவி 'மனைவியாக இருந்தவள்' ஆகிவிடுவாள்.

என் அக்காவின் புருஷன் எமர்சன் எட்சிட்டி அந்த ஒலியை முன்கூட்டியே சொல்லிவிட்டான்.

பனி பெய்து ஓய்ந்த ஒரு விடியற்காலை. பழங்குடிக் காவல்துறைச் சீருடையில், தொப்பியின் விளிம்பில் பனியோடு எங்கள் வாசலில் வந்து நின்றான். அம்மா அடுப்பில் காபி வைத்துக்கொண்டிருந்தாள். மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. பார்த்தால் கண் அவிந்துவிடும். வண்டிச் சத்தம் கேட்டதுமே அவள் உள்ளே கட்டியிருந்த போர்வைக்குப் பின்னால் போய்விட்டாள். இடுப்புப் பட்டையில் கோத்திருந்த குட்டி வெள்ளி மணிகள் கலகலத்து ஓய்ந்தன. மாமியார் இங்கே இருக்கிறாள், முகத்தைத் திருப்பிக்கொள் என்று மருமகனுக்குச் சொல்வதற்காகத்தான் அந்த மணிகள். கதவைத் திறந்தது நான்.

"என் வீட்டுக்காரியா இருந்தவ ராத்திரி வீட்டுக்கு வரல. இங்க வந்தாளா?" என்றான்.

அப்போது எனக்கு எதுவும் உறைக்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு அவனோடு தேடக் கிளம்பினேன். ஏரிப் பக்கம் போயிருப்பாள் என்று அவன் சொன்னான். எல்லோரும் ஏரிப் பக்கம் போனோம். பனி உருகிய பிறகு, ஏரிக்கு நேர் எதிர்த் திசையில், கணவாய்க்குக் கீழே ஓடை வெட்டில் ஓர் ஆட்டுக்காரர் அவளைப் பார்த்தார். எமர்சனின் வண்டி மட்டும் போகிற பாதை அது. கொஞ்சம் தள்ளி ஒரு சாராய பாட்டில் கிடந்தது. பாட்டிலைக் கண்டெடுத்தவனும் எமர்சன்தான். குடித்துவிட்டு நடந்தாள், விறைத்துப்போனாள் என்று முடித்துவிட்டார்கள். என் அக்கா இருமல் மருந்தைக்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறவள்.

துக்கம் காத்து, யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்த நாட்களில்தான் அந்தச் சொல் என் காதுக்குள் திரும்பி வந்தது. இருந்தவ. இன்னும் தேடவே தொடங்காத நேரத்தில், இருந்தவ.

மத்திய அரசின் புலனாய்வுக்காரர் ஒருவரிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். "அப்படின்னா, அவர் இலக்கணப் பிழை பண்ணிட்டாருங்கிறீங்க?" என்றார். 'ஏற்கெனவே பேச்சில் வந்த அந்த ஆள்' என்பதற்கும் நாங்கள் அதே ஒலியைச் சேர்ப்பதுண்டு. அதையும் நானே அவரிடம் சொன்னேன். பள்ளியில் மொழி சொல்லிக்கொடுக்கிறவளுக்கு இருக்கும் கெட்ட பழக்கம், விதிவிலக்கையும் சேர்த்துச் சொல்வது. அவர் பேனாவை மூடினார்.

பிறகு வருடங்கள் போயின. அடுப்புக் கங்கைச் சாம்பலால் மூடி வைத்தால் காலையில் ஊதிப் பற்ற வைத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் இருந்தேன். ஆனால் நடுநடுவே ஒரு பயம் வரும். காது ஒரே ஒரு தரம் கேட்டதை மனம் ஆயிரம் தரம் சொல்லிப் பார்த்துவிட்டது. சொல்லிச் சொல்லி நானே அந்த ஒலியைச் செய்துகொண்டேனோ? ஒரு மனுஷனை இத்தனை காலம் நான் வெறுத்தது என் காதுக்குள் கத்திய ஏதோ ஒரு பூச்சிக்காகவா? அம்மாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எங்கள் வீட்டில் சாவைப் பற்றிப் பேசமாட்டோம். பேசினால் அது தன்னைக் கூப்பிட்டதாக எடுத்துக்கொள்ளும்.

எமர்சன் பணி ஓய்வு பெற்றான். அந்த வருடமே எங்கள் காவல்காரர்களைப் பற்றித் தொலைக்காட்சித் தொடர் எடுக்கிறவர்கள் வந்து இறங்கினார்கள். தொடரின் பெயர் 'செம்பாறைக் காவல்'. வெளியூர்க்காரர்களுக்கு எமர்சனைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போனது. அகலமான தொப்பி, நீலக்கல் பதித்த பெல்ட், நிதானமான கனத்த குரல். காவல் விஷயங்களுக்கு ஆலோசகர் என்று அமர்த்திக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் கதாநாயகனையே அவனை வைத்து எழுதிவிட்டார்கள். அந்தத் தொப்பியைக்கூட அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நடிகர்களுக்கு எங்கள் மொழியை உச்சரிக்கச் சொல்லித்தர ஆள் தேடியபோது நான் போய் நின்றேன். ஏன் போனாய் என்று யாராவது கேட்டிருந்தால் பள்ளி விடுமுறை, சும்மாதான் இருக்கிறேன் என்று சொல்லியிருப்பேன். உண்மை வேறு. வெறுப்பவனை விட்டு ரொம்ப நாள் தள்ளி இருக்க முடிவதில்லை. அவன் சாப்பிடுவதையும் சிரிப்பதையும் பக்கத்திலிருந்து பார்க்கவேண்டியிருக்கிறது.

"என்ன கொழுந்தியா, இன்னும் ஒருத்தனும் மாட்டலையா?" என்பான், எல்லோர் முன்னாலும்.

"மாட்டினா உங்கள மாதிரி மாட்டிடுவானோன்னு பயமா இருக்கு மச்சான்."

கூடியிருப்பவர்கள் சிரிப்பார்கள். அக்கா புருஷனும் மச்சினியும் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொள்வதுதான் எங்கள் வழக்கம். சீண்டாவிட்டால் என்ன சண்டை என்று கேட்பார்கள். அதனால் இத்தனை வருடமும் நான் அவனோடு சிரித்துப் பேசியே வந்திருக்கிறேன்.

மெரிடித் என்கிற இயக்குநர் பினோன் என்கிற எங்கள் பைன் மரக் கொட்டையைப் பல்லால் உடைக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். மரத்தடியில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஆட்டுக்கறியும் பொரித்த ரொட்டியும் சாப்பிடும்போது எமர்சன் அவளுக்கு எங்கள் வழக்கங்களை எடுத்துச் சொல்வான். விரலால் சுட்டக் கூடாது, உதட்டால் சுட்டு. ஹோகன் என்கிற எங்கள் மண் வீட்டின் வாசல் கிழக்கே பார்க்க வேண்டும். மாமியார் விஷயத்தை அவன் சொன்ன விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"இருபது வருஷம் மருமகனா இருந்தாலும் அவங்க முகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. மணிச் சத்தம் கேட்டா ஓடிடுவேன். சின்னப் பசங்க இதெல்லாம் இப்ப மதிக்கிறதில்ல. நான் மதிக்கிறேன். என் கண்ணு எனக்கு வேணும்ல?"

மெரிடித் வாய் பிளந்து கேட்டாள். "இது அப்படியே நம்ம கதையில வரணும்!"

அப்புறம் ஒரு நாள் அவன் தன் கதையைச் சொன்னான். பனி, காணாமல்போன மனைவி, விடியற்காலையில் மாமியார் வீட்டு வாசல். தொடரில் அவளைக் கொன்றவன் ஒரு போதைமருந்து கடத்தல்காரன். கடைசியில் கதாநாயகன் அவனைப் பாறை விளிம்பில் வைத்துச் சுடுவான். சொல்லும்போது எமர்சனுக்குக் கண் கலங்கியது. கண்ணீர் நிஜம்தான் என்று எனக்குப் பட்டது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"வாசல்ல நின்னு என்ன சொன்னீங்க?" என்றாள் மெரிடித். "அதே வார்த்தை வேணும். உங்க மொழியிலேயே."

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு எங்கள் மொழியில் சொன்னான். "என் வீட்டுக்காரி ராத்திரி வீட்டுக்கு வரல. இங்க வந்தாளா?"

வீட்டுக்காரி. சுத்தமாக, வால் இல்லாமல்.

என் கையிலிருந்த காபி ஆறுகிறவரை நான் அசையவில்லை. முதலில் வந்தது பழைய பயம்: பார், அவன் இப்படித்தான் சொல்லியிருக்கிறான், நீதான் தப்பாகக் கேட்டாய். அடுத்த நிமிடமே வேறொன்று வந்தது. இத்தனை வருடம் கழித்து, அன்று சொன்ன சொல் என்ன என்று கேட்டால் சாதாரண மனுஷன் யோசிப்பான், தடுமாறுவான், "ஏதோ இப்படித்தான் சொன்னேன்" என்பான். இவன் தயாராக வைத்திருந்தான். உடைந்த இடத்தைச் சரிபண்ணி வைத்திருந்தான். என்னைப் பார்க்கவுமில்லை.

"அந்த மணி எங்க கிடைக்கும்?" என்று மெரிடித் கேட்டாள். "போர்வைக்குப் பின்னாடியிருந்து மணிச் சத்தம் மட்டும் வரணும். நினைச்சாலே சிலிர்க்குது."

என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது. "எங்கம்மாகிட்ட இருக்கு. அவங்களே வந்து போர்வைக்குப் பின்னாடி நிப்பாங்க."

எமர்சன் கையில் ரொட்டி நின்றது. "எதுக்கு? அவங்களுக்கு வயசாயிடுச்சு. இந்தக் குளிர்ல... வேற யாராவது அம்மாவ நிக்க வைக்கலாமே."

"அம்மாவுக்கு ஆசையா இருக்கு மச்சான். டிவில வரணும்னு எத்தன நாளா சொல்லிட்டிருக்காங்க."

அம்மாவிடம் நான் ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்கவில்லை.

மெரிடித் கை தட்டினாள். "அப்ப அன்னைக்கு நீங்க இங்க இருக்க முடியாது எமர்சன்! கண்ணு போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க?" எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நுணலும் தன் வாயால் கெடும்.

எங்கள் மொழியில் வசனம் வருகிற காட்சிகளில் எல்லாம் அவன்தான் இயக்குநருக்குப் பக்கத்தில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். என்னைத் தவிர அந்தக் கூடாரத்தில் மொழி தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவன் இல்லாத ஒரு பிற்பகல் எனக்குக் கிடைத்துவிட்டது.

கதாநாயகனாக நடித்த லெய்ட்டன் கார்டினல் கனடாவிலிருந்து வந்த கிரீ என்கிற வேறொரு பழங்குடிப் பையன். எங்கள் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. நான் வசனத்தைப் பேசி அவன் போனில் பதிந்து கொடுப்பேன். குளிக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் அதைக் கேட்டுக்கொண்டே இருப்பான். அந்தக் காட்சிக்கு முதலில் எமர்சன் சொன்னதைத்தான் பதிந்து கொடுத்தேன். படப்பிடிப்புக்கு முந்தின நாள் அதை அழிக்கச் சொல்லிவிட்டுப் புதிதாகப் பதிந்தேன்.

ஓடவிட்டுக் கேட்டான். "நடுவுல ஒரு மூக்குச் சத்தம் வருதே. நேத்து இது இல்லையே?"

"விட்டுப்போச்சு. அது இல்லாம அந்த வாக்கியம் சரியா வராது."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"அவ அவன விட்டு எவ்வளவு தூரம் போயிட்டாள்னு காட்டும்."

தலையை ஆட்டினான். "எங்க சொந்த மொழியே எனக்கு நாலு வார்த்தைதான் தெரியும், லவீனா. இங்க வந்து உங்க மொழி பேசிட்டிருக்கேன். தப்பாச் சொன்னா உங்க ஜனங்க முன்னாடி என் மானம் போயிடும். பாத்துக்கோங்க."

"ஒரு எழுத்துகூடத் தப்பு இருக்காது" என்றேன். நல்ல பையன் வாயில் என் விஷத்தை ஊற்றுகிறேன் என்று தெரிந்தது. தெரிந்தும் ஊற்றினேன், அதைச் சரியாக உச்சரிக்கும்வரை பல தடவை சொல்ல வைத்தேன்.

நியாயம் வேண்டும் என்று நான் அப்போது நினைத்தேனா? இல்லை. நியாயம் என்பது பேனாவை மூடிவைக்கிற மனுஷர்களுக்குச் சொந்தமான சொல். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: எங்கள் ஜனங்கள், ஒவ்வொரு வீட்டிலும், அடுப்பங்கரையில் நின்றபடி அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும். அவன் கடைக்கு வந்தால் பேச்சு நிற்க வேண்டும்.

அம்மாவிடம் அன்று மாலை சொன்னேன். மணிகளோடு வந்து போர்வைக்குப் பின்னால் நிற்க வேண்டும், முகம் தெரியாது, நாடகம்தான் என்றேன். ஏன் என்று கேட்பாள் என்று பயந்தேன். அவள் ஆட்டுக்குட்டிக்குப் பால் புட்டியைப் பிடித்தபடி, "அவன் இருப்பானா?" என்று மட்டும் கேட்டாள்.

"நீ வந்தா அவன் இருக்கமாட்டான்."

"சரி. வரேன்." புட்டியை இறக்கி வைத்துவிட்டு, "மணிக்கு மெருகு போடணும்" என்றாள்.

படப்பிடிப்பு நாளன்று ஹாரிசன் அண்ணன் தன் பிக்கப் வண்டியில் அம்மாவைக் கூட்டி வந்தான். அவன் எங்கள் குலத்தான், குதிரைகளைப் பார்த்துக்கொள்ள அமர்த்தியிருந்தார்கள். வண்டி நின்றதும் இறங்கி, கூடாரத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"ஏய் எமர்சன்! உன் மாமியா வந்திருக்காங்கடா! ஓடுறா, கண்ணு போயிடும்!"

அம்மா வெல்வெட் சட்டையில் மெல்ல இறங்கினாள். மணிகள் சிணுங்கின. அதே கணம் கூடாரத்தின் பின்பக்கத் துணியைத் தூக்கிக்கொண்டு எமர்சன் வெளியே பாய்ந்து, தொப்பியால் முகத்தின் ஒரு பக்கத்தை மறைத்தபடி மேட்டைத் தாண்டி ஓடினான். கூட்டத்தில் நடிக்க வந்திருந்த எங்கள் ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் முதுகு மேட்டுக்கு அப்பால் மறையும்வரை பார்த்தேன். ஹெட்போன் அவ்வளவு தூரத்துக்கு எடுக்காது.

செயற்கைப் பனி தூவினார்கள். அம்மா போர்வைக்குப் பின்னால் போய் நின்றாள். லெய்ட்டன் தொப்பியில் பனியோடு வாசலில் நின்றான். என் வேடத்தில் நடிக்க வந்த அழகான பெண் கதவைத் திறந்தாள். மணி கலகலத்து ஓய்ந்தது.

"என் வீட்டுக்காரியா இருந்தவ ராத்திரி வீட்டுக்கு வரல. இங்க வந்தாளா?"

பிசிறில்லாமல் சொன்னான். அந்த ஒலி மூக்கிலிருந்து தொண்டைக்கு இறங்கி, எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது.

கேமராவுக்குப் பின்னால் குதிரைக்குத் தண்ணீர் கொண்டுபோன ஹாரிசன் அண்ணன் வாளியோடு அப்படியே நின்றுவிட்டான். ரொட்டி பொரிக்கிற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். மின்சார வயர் சுற்றிக்கொண்டிருந்த எங்கள் ஊர்ப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

மெரிடித்துக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "பாருங்க, எல்லாரும் உறைஞ்சு போயிட்டாங்க! இதுதான் வேணும். இன்னொரு தடவை எடுக்க வேணாம்!"

ஹாரிசன் அண்ணன் வாளியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்தான். "நாக்கு வழுக்கிடுச்சா தங்கச்சி, பையனுக்கு?"

"இல்ல."

என்னையே பார்த்தான். பிறகு மேட்டுப் பக்கம் உதட்டைக் குவித்துக் காட்டினான். நான் தலையசைத்தேன்.

"சரி" என்றான். வாளியை எடுத்துக்கொண்டு குதிரையிடம் போனான்.

திரும்பும் வழியில் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வைக்குப் பின்னால் அவளுக்குச் சரியாகக் கேட்டிருக்காது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் பேச்சு பறக்கும். யார் வீட்டு ஆடு யார் சோளத்தில் மேய்ந்தது என்பது சாயங்காலத்துக்குள் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விடும். அந்தக் குளிர்காலம் முழுவதும் எமர்சன் படப்பிடிப்பில் எங்களோடுதான் சாப்பிட்டான், சிரித்தான். அன்று அங்கே இருந்த ஒருவர்கூட அவனிடம் சொல்லவில்லை. அதைக் கவனித்தபோதுதான் எனக்குப் புரிந்தது, இத்தனை வருடமாகச் சாம்பல் மூடி வைத்திருந்தவள் நான் மட்டுமில்லை என்று.

வசந்தத்தில் அந்தப் பகுதி ஒளிபரப்பாகிற அன்று சமூகக் கூடத்தில் பெரிய திரை கட்டினார்கள். மடக்கு நாற்காலிகள் போதாமல் ஜனங்கள் சுவரோரம் நின்றார்கள். மெரிடித்தும் லெய்ட்டனும் ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். எமர்சன் புதுத் தொப்பியோடு முன்வரிசை நடுவில் உட்கார்ந்து, பின்னால் திரும்பித் திரும்பி எல்லோருக்கும் கையசைத்தான். வாசலருகே காவல்துறைப் பெண் ஒருத்தி சீருடையில் நின்றாள். மெனிகோட்ஸ் வீட்டுப் பெண், என்னிடம் படித்தவள்.

அம்மா வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஹாரிசன் அண்ணனின் வண்டி வெளியே வந்து நின்றதும் ஓடிப்போய், "வேணாம்மா, அவன் உள்ள இருக்கான்" என்றேன்.

அவள் இடுப்புப் பட்டையை அவிழ்த்தாள். மணிகளை ஒன்றோடொன்று உரசாமல் கையில் அள்ளி என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மூடினாள். "பத்திரமா வச்சுக்கோ" என்றாள். மணி இல்லாமல் அம்மா நடந்து நான் பார்த்ததே இல்லை. சத்தமே வரவில்லை. விளக்கு அணைத்த பிறகு உள்ளே போய்க் கடைசிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

திரையில் பனி பெய்தது. லெய்ட்டன் வாசலுக்கு வந்தான். மணி ஒலித்தது. முன்வரிசையில் எமர்சன் தன்னையறியாமல் தலையைத் தாழ்த்திக்கொண்டான். சுற்றியிருந்தவர்கள் மெல்லச் சிரித்தார்கள்.

அப்புறம் அந்த வசனம்.

கூடம் மூச்சை உள்ளே இழுத்தது. நான் மிகைப்படுத்தவில்லை, அந்தச் சத்தத்தைக் கேட்டேன். பிறகு இருட்டிலிருந்து ஹாரிசன் அண்ணனின் குரல், குதிரைப் பந்தயத்தில் கத்துவதுபோல:

"அடேய், பொண்டாட்டி வீட்டுக்கு வரலன்னுதானே வந்திருக்க? செத்துட்டாள்னு உனக்கு யார்றா சொன்னது?"

யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் நாற்காலி இழுபட்டது. எமர்சன் எழுந்து நின்றான். அவன் தொப்பியின் நிழல் திரையில் பாதியை மறைத்தது.

"அது தப்பு! இவ மாத்திட்டா... லவீனா மாத்திட்டா! நான் அன்னைக்கு அப்படிச் சொல்லல!"

யாரோ விளக்கைப் போட்டார்கள். நான் நடைபாதையில் நின்றேன். என் குரல் இவ்வளவு சாதாரணமாக வரும் என்று எனக்கே தெரியாது. "உங்கள யாரு சொன்னா மச்சான்? இது நாடகம்தானே. கடத்தல்காரன்தானே கொன்னான்?"

அவன் எல்லோரையும் பார்த்தான். எல்லோரும் வேறெங்கோ பார்த்தார்கள்.

"சொன்ன" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்படித்தான் சொன்ன."

அம்மா. மணி இல்லாததால் அவள் நடைபாதையில் பாதி தூரம் வந்துவிட்டது யாருக்கும் தெரியவில்லை.

"போர்வைக்குப் பின்னாடி நான் நின்னுட்டிருந்தேன். என் மகள இருந்தவன்னு சொன்ன. அப்ப என் கையில காபிப் பாத்திரம் இருந்துச்சு. அதக் கீழ வைக்கக்கூட எனக்குத் தோணல."

ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அவளும் கேட்டிருக்கிறாள். ஒரே கூரைக்குக் கீழே, ஒரே அடுப்பு முன்னால், அதே சொல்லை வாயில் அடக்கிக்கொண்டு அவளும் நானும் இத்தனை வருடம் எதிரெதிரே உட்கார்ந்து சோளக் கூழ் குடித்திருக்கிறோம்.

எமர்சன், குரல் வந்த திசைக்குத் திரும்பப் பார்த்து, பாதியில் நின்று, தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டான். பழக்கம் அப்படி. அல்லது வேறெதையும் மூட அவனிடம் இல்லை.

"மூடாத" என்றாள் அம்மா. "நான் மூடல பாரு. ஏற்கெனவே பாதிக் கண்ணு தெரியல எனக்கு. மீதியும் போனா போகட்டும். உன்னப் பாத்துட்டுப் போகட்டும்."

அவன் தொப்பியை இறக்கவில்லை. அப்படியே வாசலை நோக்கி நடக்கத் தொடங்கினான். நாற்காலிகளில் இடித்தான். ஜனங்கள் கால்களை மடக்கி வழி விட்டார்கள். ஒருவர்கூட அவன் கையைப் பிடித்து நடத்தவில்லை. நாற்காலி ஒன்று மடங்கி விழுந்தது. அம்மா ஓரமாக ஒதுங்கி நின்று, அவன் தன்னைக் கடந்து போவதைத் தலை முதல் கால்வரை பார்த்தாள்.

"இவ்ளோ குட்டையா இவன்?" என்றாள் என்னிடம். "குரல வச்சு ஒசரமா இருப்பான்னு நெனச்சிருந்தேன்."

முதலில் சிரித்தது ரொட்டி பொரிக்கிற பெண்களில் ஒருத்தி. அப்புறம் கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்வேன்.

வாசலில் மெனிகோட்ஸ் பெண் அவனைத் தடுக்கவில்லை. அவன் வெளியே போனதும் என்னிடம் வந்து தாழ்ந்த குரலில், "டீச்சர், நாளைக்கு அம்மாவக் கூட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்கு வாங்க. அவங்க சொன்னத எங்கிட்ட நம்ம மொழியிலேயே சொல்லட்டும். நான் எழுதுறேன்" என்றாள். போனோம். அம்மா சொன்னாள். கோப்பை மறுபடி திறந்திருக்கிறார்கள். எங்கே போகும் என்று தெரியாது. பேனா மூடுகிற மனுஷர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மணிகள் என்னிடம்தான் இருக்கின்றன. அம்மா திருப்பிக் கேட்கவில்லை; "உனக்கு ஒருத்தன் வந்தா அப்பத் திருப்பிக் குடு, மருமகனுக்குக் கேக்கணும்ல" என்று சிரித்தாள். நான் அவற்றைக் கோட்டுப் பையில் போட்டு வைத்திருக்கிறேன். பெட்ரோல் போடும் இடத்தில், சனிக்கிழமைச் சந்தையில், தபால் ஆபீஸ் வரிசையில் எமர்சனின் தொப்பி தெரிந்தால் பைக்குள் கையை விட்டு மெல்ல அசைப்பேன். அம்மா வீட்டில் ஆட்டுக்குட்டியோடு இருப்பாள். அது அவனுக்குத் தெரியாது. கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொள்வான். சுற்றியிருப்பவர்கள் ஒதுங்கி நிற்பார்கள்.

ஒரு தரம் அசைத்தால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். நேற்றும் அசைத்தேன்.